வெடி என்று எழுதியிருந்த பற்பொடி டின்

என் தங்கச்சியைக் கட்டியவனும், மாத்தளை அம்மன் தேருக்கு என்னோடு பதினொரு முறை நடந்தவனுமான அன்பு மச்சான் செல்லமுத்துவுக்கு,

கருப்பையா எழுதுகிறேன். ஆமாம், நானேதான் எழுதுகிறேன். நீ கண்ணை மூடிய பிறகு கோயில் மண்டபத்தில் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள், எட்டு மாதம் போனேன். இந்தக் கடிதத்தை முடிக்க மூன்று நாளாவது ஆகும். உனக்கு என்ன அவசரம்? மற்றவர்களும் வாசிக்கட்டுமா என்று டீச்சர் கேட்டார். வாசிக்கட்டும் என்றேன்.

உன் மகள் சரோஜாவின் பிள்ளை துர்க்கா, கூட்டாளிமாரோடு பத்து நாள் மலைகளில் நடக்கப் போகிறாள். வழியில் ஒரு குப்பையும் போடக் கூடாதாம். கொண்டுபோகும் சாமானை மேசையில் பரப்பியிருந்தாள். துவைத்துத் துவைத்துப் பாவிக்கிற மாதத் துணி, கழுவ ஒரு சின்னப் போத்தல், குழி தோண்ட ஒரு குட்டிக் கரண்டி.

"இதெல்லாம் இப்ப புதுசா வந்தது தாத்தா" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் மூட்டையில் வேறு என்னதான் இருந்தது, மச்சான்?

ஹேவாஹெட்டையில் இருந்து கண்டி, பிறகு வத்தேகம, பிறகு மாத்தளை. போக இரண்டு நாள், வர இரண்டு நாள். நீ கொண்டுவருவது ஒரு செம்பு, மலையில் புல் வெட்டித் தேய்ந்த சுரண்டி, உடம்பு தேய்க்கப் பீர்க்கங்கூடு, சிரட்டையில் ஒரு துண்டு சவர்க்காரம், மூன்று துணி. முகத்துக்கு ஒன்று, காலுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று. ஓடையில் அலசி, முதுகு மூட்டையில் தொங்கவிட்டு, நடக்க நடக்கக் காயவைப்பாய். அந்த மூன்றாவது துணி என் மூக்குக்கு நேராக ஆடும். "நான் முன்னுக்குப் போறேன் மச்சான்" என்றால், "ஒனக்குப் பாதை தெரியாது, பேசாம வா" என்பாய். "அம்மனைப் பார்க்கப் போற வழியில நம்ம அழுக்கு கெடக்கக் கூடாது" என்பதும் உன் பேச்சுத்தான்.

பற்பொடியும் நீயே செய்வாய். அடுப்புக் கரியை இடித்துச் சலித்து, உப்பும் கராம்பும் சேர்ப்பாய். அதைப் போட்டு வைக்க நான் ஒரு டின் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? மூடி இறுக்கமான நல்ல டின். கண்டி மார்க்கட்டில் வாங்கினேன் என்று சொன்னேன்.

அது பொய். ரோட்டு வேலைக்குப் போன இடத்தில், கல்லுடைக்கும் குவாரியில், வீசிக் கிடந்ததை எடுத்து வந்தேன். அதில் என்ன எழுதியிருந்தது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. நம் இரண்டு பேருக்கும் கைநாட்டுத்தானே.

தமிழரை அடித்த கலவரத்தில் தேயிலைக்குள் படுத்துக் கிடந்த நாளில் பிடித்த பயம் என்னை விடவே இல்லை. யுத்த வருஷங்களில் சீருடையைக் கண்டாலே என் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படி ஒரு வருஷம் வத்தேகம தாண்டிய வளைவில், ஆர்மி முகாமுக்கு முன்னால் நம்மை மறித்தார்கள். மூட்டையை அவிழ்த்த சிப்பாய் டின்னைத் திறந்தான். உள்ளே கறுப்புத் தூள். வெளியே மூன்று பாஷையிலும் வெடிமருந்து என்று எழுத்தாம்.

"மேக காகெத?" என்று சிங்களத்தில் கத்தினான். யாருடையது என்கிறான்.

நான் வாயைத் திறக்கவில்லை. நீதான் "மகே, மாத்தயா" என்றாய். என்னுடையது ஐயா என்றாய்.

உன்னை உள்ளே கொண்டுபோனார்கள். நான் ரோட்டோரப் பலாமரத்தடியில் நின்றேன். பகல் சாய்ந்தது. தங்கச்சிக்கு என்ன பதில் சொல்வேன் என்பதைத் தவிர வேறு எதையும் என்னால் நினைக்க முடியவில்லை. போய்ச் சொல்லு, போய்ச் சொல்லு என்றது மனசு. கால் நகரவில்லை.

பிறகு நீ வந்தாய். உதடு, பல், நாடியெல்லாம் கரி. பெரிய அதிகாரி முன்னால் நின்று, விரலால் தொட்டுத் தொட்டுப் பல் விளக்கிக் காட்டினாயாம். அவர் ஒரு கிள்ளு எடுத்து மோந்து பார்த்து, கராம்பு வாசம் என்றாராம். எழுத்தைச் சுரண்டச் சொல்லி டின்னையும் திருப்பிக் கொடுத்தார்கள். "கொப்பளிக்கத் தண்ணி குடு மச்சான்" என்றாய் என்னிடம். அவ்வளவுதான். எங்கே வாங்கினாய் என்று கடைசிவரை நீ கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை?

போன வாரம் சரோஜா உன் பெட்டியில் இருந்து அந்த டின்னை எடுத்து மகளுக்குக் கொடுத்தாள். நான் வாங்கிப் பார்த்தேன். சுரண்டியது போக இரண்டு எழுத்து மிச்சம் இருந்தது. விரல் வைத்து வாசித்தேன். வெ. டி. வகுப்புக்கு வெளியே நானாக வாசித்த முதல் சொல் அதுதான், மச்சான். எல்லாவற்றையும் சரோஜாவிடம் சொல்லிவிட்டேன்.

அவள் தேங்காய் துருவிக்கொண்டே சொன்னாள். "அப்பாவுக்குத் தெரியுமே மாமா. கல்லுத் தூசி ஒட்டின டின் கண்டியில எந்தக் கடையில விக்கிறாங்கன்னு கேட்டுக் கேட்டுச் சிரிப்பாரு."

"பிறகு ஏன் தன்னுதுன்னு சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒங்க மாமா பயந்த ஆளு, உள்ள கூட்டிட்டுப் போயிருந்தா பல்லு வெளக்கிக் காட்டவும் வாயத் தெறந்திருக்க மாட்டான்னு சொல்வாரு."

உண்மைதான். தெறந்திருக்க மாட்டேன். இத்தனை வருஷம் நெஞ்சில் கிடந்த கல், அவள் தேங்காயைத் துருவி முடிப்பதற்குள் இறங்கிவிட்டது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

டின்னில் ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறேன். பற்பொடி என்று நானே எழுதினேன். கீழே பக்கத்து வீட்டு பண்டாவைச் சிங்களத்திலும் எழுத வைத்தேன். துர்க்கா அதோடு வெள்ளிக்கிழமை புறப்படுகிறாள்.

வருகிற மாசித் தேருக்கு நானும் புறப்படுவேன், மச்சான். முழுத் தூரம் கால் விடாது. வத்தேகம வரை பஸ்ஸில் போய், அந்த வளைவுக்கு நடந்துபோவேன். பலாமரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், நின்ற இடத்தில் நின்று, டின் என்னுடையது என்று வாயைத் திறந்து சொல்வேன். சொல்லிவிட்டு வாய் கொப்பளிப்பேன். மூன்று துணியும் கொண்டுபோவேன்.

இந்த முறை கைநாட்டு இல்லை,
உன் மச்சான்,
கருப்பையா