முன்னுரையின் கடைசி வரி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் முழங்கால் உட்பட நலமாக இருக்க வேண்டும். குட்டிக்குப் பல் முளைக்கிற நேரம், உன் பேனா மூடிகளை எட்டாத இடத்தில் வை. குழாய் ரிப்பேர்காரர் மூன்றாம் முறையாக வந்து சரிசெய்துவிட்டுப் போயிருக்கிறார், அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை, அடியில் வைத்த வாளியை இன்னும் எடுக்கவில்லை.

ஞாயிறன்று நீ போனில் சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். முதுகு வலி, தாடை வலி என்று வருகிற பெண்களுக்கு மாரடைப்பைக் கண்டுபிடிக்க ஏன் தாமதமாகிறது என்ற கேள்வியே உன்னுடையது, நானூறு பெண்களின் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டு எழுதியவளும் நீ. பிரசவ விடுப்பு முடிந்து போய்ப் பார்த்தால் கட்டுரையில் முதல் பெயர் உன் ஜூனியருடையது, உன் பெயர் கடைசிப் பக்க நன்றியில். பேர் எங்க இருந்தா என்னம்மா, ஆராய்ச்சிதானே முக்கியம் என்றாராம் பெரிய டாக்டர். நன்றியில் பெயர் போடச் சம்மதம் என்று மாதக் கடைசிக்குள் நீ கையெழுத்திட வேண்டும். பெரியவரோடு மோதாதே, விட்டுக்கொடுத்துப் போ என்று நான் சொன்னேன். அதைத் திரும்ப வாங்கிக்கொள்ளத்தான் இந்தக் கடிதம்.

போனை வைத்ததும் அம்மா எழுந்து போய், நான் போட்ட எட்டாம் வகுப்பு அறிவியல் பயிற்சி நூலைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். படங்கள் எல்லாம் அவள் வரைந்தவை, கேள்விகளில் பாதி அவளுடையவை. இதயத்தை இரண்டு மாடி வீடாக வரைந்து, எந்தக் கதவு எந்தப் பக்கம் மட்டும் திறக்கும் என்று கேட்டிருப்பாளே, அதற்காகவே புத்தகம் வாங்கிய ஆசிரியர்கள் உண்டு. அட்டையில் என் பெயர் மட்டும். முன்னுரையின் கடைசி வரியில், உதவிய துணைவியாருக்கு நன்றி. முப்பது வருடம் பிள்ளைகளின் பிழை திருத்தியவன் கண்ணில் அந்த ‘உதவிய’ படவே இல்லை, துணைவியாருக்கு ஒரு பெயர் உண்டு என்பதும். நீ ஏன் அப்போது கேட்கவில்லை என்று அவளிடம் கேட்டேன். கேட்டா குடுப்பீங்கன்னு தெரியும், கேட்டுத்தான் வாங்கணுமான்னு விட்டுட்டேன், அதான் என் தப்பு, அவளை விட வேணாம்னு சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டு வாளியைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆகவே அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. கோபமாகவும் எழுதாதே. நோட்டுகளையும் வரைவுகளையும் தேதிவாரியாக அடுக்கி, யார் எதைச் செய்தார்கள் என்று பத்து வரியில் பெரிய டாக்டருக்கு எழுது, அவர் அசையாவிட்டால் கட்டுரையைப் போடுகிற மருத்துவ இதழுக்கும் எழுது. ஒரு பிள்ளை பரீட்சை எழுதிவிட்டுக் காய்ச்சலில் படுத்தால், அந்த விடைத்தாளை வகுப்புக்கு வந்த பிள்ளையின் பெயரில் போடுவோமா? ஜூனியரைத் திட்டாதே, அவன் செய்ததற்கு அவன் பெயரும் இருக்கட்டும், அதற்குரிய இடத்தில்.

குட்டிக்கு எங்கள் முத்தம், உங்கள் மூவருக்கும் எங்கள் ஆசி எப்போதும் உண்டு. பால் கொடுக்கிறவள், மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன், பத்து வரிக்கு மேல் யாரும் படிக்க மாட்டார்கள் என்ற யோசனை அவளுடையது. வழக்கமாக ‘அம்மாவும் விசாரித்தாள்’ என்று கடைசியில் ஒரு வரி சேர்ப்பேன். இந்தத் தடவை பேனாவை அவளிடமே கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
அம்மா
அப்பா