டெய்லர் அத்தைக்குக் காட்ட ஒரு கடிதம்

அன்பு மகனுக்கு,

அம்மா சொல்லச் சொல்லத் தங்கை எழுதுகிறாள். இங்கே மூன்று பேரும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் கை கால் முழுதாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறோம். அப்பாவுக்கு இருமல் விடவில்லை, ஆனாலும் அச்சகத்துக்குப் போகிறார். காலில் ஈரப்புண் என்றாயே, காலுறையைக் கழற்றிக் காயவைக்காமல் படுக்காதே.

உங்கள் படைச் சமையல்காரர் விடுமுறையில் வந்து உன் கடிதத்தைக் கையில் கொடுத்தார். தங்கைதான் எனக்கு வாசித்தாள். தண்ணீர் எடுக்கப் போன நெட்டையன் பனிமூட்டத்தில் வேறு வழியாகத் திரும்பினான், காவலில் நின்ற நீ எதிரி என்று நினைத்துச் சுட்டுவிட்டாய் என்ற இடத்துக்கு அவள் வந்தபோதுதான், அவனைப் பெற்ற எதிர்வீட்டு டெய்லர் அத்தை கத்தரிக்கோலும் கையுமாக உள்ளே வந்தாள். எதிரியின் குண்டு பட்டு இறந்தான் என்று அவளுக்கு அரசாங்கத் தாள் வந்து இருபது நாள் ஆகியிருந்தது. "என் புள்ளையப் பத்தி எழுதியிருக்கானா? படிடி" என்றாள். உன் தங்கை கதைப்புத்தகம் படிக்கிறவள் அல்லவா, தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே வேறொன்றை வாசித்தாள். தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் எதிரி சுட்டானாம், நெட்டையன் உன் மடியில்தான் கிடந்தானாம், வலியே இல்லையாம், கடைசியாக அம்மா என்றானாம். அத்தை அழுதுகொண்டே சிரித்தாள். "அந்த எருமை என்னிக்கு என்னை அம்மான்னான்? டெய்லரம்மா, சோறு போடுன்னுதானே கத்துவான். வீட்ல ஒரு குடம் தூக்கினதில்ல, அங்க போய்த் தண்ணி எடுத்தானாக்கும்" என்றாள்.

அன்றிலிருந்து தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து மறுபடி வாசிக்கச் சொல்கிறாள். ஒரு சொல் மாறினாலும், "நேத்து அப்படி இல்லையேடி" என்கிறாள். அதனால் தங்கை அதை ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்து வாசிக்கிறாள். அதற்குப் பிறகு பள்ளிப் பாடம் எதுவும் அவள் தலையில் ஏறுவதில்லை.

லீவில் வந்து அத்தை காலில் விழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன் என்கிறாய். சொன்னால் உன் பாரம் கொஞ்சம் இறங்கும், அவளுக்கு என்ன மிஞ்சும்? மகன் போனபின் வந்து உட்கார இந்த ஒரு வீடுதான் இருக்கிறது, அதுவும் போகும். சொல்லாமல் இருப்பது நல்லது என்றும் நான் சொல்லவில்லை. அவள் முகத்தைத் துடைத்துக்கொள்ளும்போது அடுப்பைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். எந்தப் பக்கம் போனாலும் நமக்கு வழியில்லை ராசா.

மாத முடிவில் அவள் வீட்டுக்காரர், லாரி ஓட்டும் மாமா, வருகிறார். அத்தைபோல் இல்லை, அவருக்குப் படிக்கத் தெரியும், உன் கையெழுத்தும் தெரியும். மகனைப் பற்றிய கடிதத்தை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டுமாம். உன் கடிதத்தை அடுப்பில் போட்டுவிட்டேன். தங்கை எழுதிய தாளைச் சமையல்காரர் கையில் இதோடு கொடுத்தனுப்புகிறேன். அதைப் பார்த்து உன் கையால் எழுது, முன்தேதி போடு. ஒரு சொல் கூட்டாதே, குறைக்காதே, அத்தைக்கு அது மனப்பாடம்.

உயிரோடு இரு கண்ணு, வேறு என்ன கேட்டு வாழ்த்துவது என்று தெரியவில்லை. நீ எழுதும் அந்தக் கடிதம் மாத முடிவுக்குள் வந்து சேரவேண்டும், மறந்துவிடாதே. சாதாரணத் தபாலிலேயே போடு. அதை யார் பிரித்துப் படித்தாலும் பயமில்லை.

உன் அம்மா