கடல் தண்ணீரில் குளித்த புகை

யூன் 3, திங்கள்

கச்சான் காற்று. காலை ஒன்பதுக்கே கராஜ் தகரத்தில் அப்பளம் சுடலாம். யோகராசாவின் படகில் என் சைலன்சர் பூட்டியாயிற்று. இரண்டு போல்ட் மிஞ்சியது. எங்கே போகவேண்டியவை என்று தெரியவில்லை. சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு, எல்லாம் தெரிந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டேன்.

வேலை செய்யும் விதம் (எனக்கே மறந்துபோகாமல் இருக்க): எஞ்சினைக் குளிரவைத்துவிட்டு வெளியே கொட்டும் கடல் தண்ணீரைப் புகைக்குழாய்க்குள் திருப்புவது. பழைய தீயணைப்பு உருளை ஒன்றுக்குள் இரண்டும் சேர்ந்து சுழன்று, சூடும் சத்தமும் தணிந்து, பின்பக்கத்தால் வெளியே. புகை குளித்துவிட்டுப் போகிறது. அவ்வளவுதான்.

இதற்கு முந்தைய கண்டுபிடிப்புகள்:
– வயலுக்கு இறைக்கும் பம்பால் தண்ணீரைப் பின்னுக்குப் பீச்சி ஓடும் தோணி. பம்ப் கிளிவெட்டி ஊர்க்காரர் ஒருவருடையது. ஐம்பது யார் தூரம் ஓடியது. பிறகு ஒரு சொப்பிங் பையை விழுங்கி நின்றது. கட்டி இழுத்துவந்தார்கள்.
– புகைக்குழாய்ச் சூட்டில் கருவாடு. நாய் மணந்து பார்த்துவிட்டுப் போனது.
– புகை தள்ளும் வேகத்தில் சுழலும் விசிறி, பற்றரி சார்ஜ் பண்ண. சுழன்றது. பறந்தும் போனது.

இருபது வருஷத்தில் நான் செய்த ஒன்றாவது எவருடைய படகிலும் ஒரு கிழமை தங்கியதில்லை. இது தங்கவேண்டும். சங்கத் தலைவர் கபூர் காக்கா சொல்லியிருக்கிறார்: யோ.வின் படகில் ஒரு கிழமை, ஏழு நாள், ஓடட்டும், பிடித்தால் கரையிலுள்ள பன்னிரண்டு படகுக்கும்.

பின்னேரம் நாலுக்கு யோ. கடலுக்கு. சாமி கும்பிட்டேன். எந்தச் சாமி என்று குறிப்பிடவில்லை, கேட்கிறவர் செய்யட்டும்.

யூன் 4, செவ்வாய்

ஐந்தரைக்கே கரையில் நின்றேன். பக்கத்துப் படகுக்காரரோடு ஊர்வம்பு: பாலையூற்றில் அவருடைய மச்சான் புதுப் பல் கட்டி, கலியாண வீட்டில் வடைக்குள் அதை விட்டுவிட்டானாம். வடை யார் வீட்டுக்குப் போனது என்று கேட்கும் கட்டத்தில் திரும்பிப் பார்த்தால், யோ. முழங்கால் தண்ணீரில் நிற்கிறான்.

"எப்ப வந்தனீ?"

"இப்பதான் அண்ணை. எஞ்சின் ஓடுதோ எண்டு நானே ரெண்டு தரம் குனிஞ்சு பாத்தனான்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. காற்று என்று சொன்னேன்.

"இவ்வளவு காலமும் கடலுக்க சைகைதான். நேற்றுத்தான் என்ர கூட்டாளி பாடுறதைக் கேட்டனான்."

"எப்பிடி?"

"கேக்காம இருந்ததே நல்லம்."

யோ.வின் மனைவி பத்மா தினமும் பிளாஸ்க்கோடு கரையில் நிற்பவள். இன்று ஆளைக் காணவில்லை. நித்திரையாக்கும் என்று இருவரும் சிரித்தோம்.

கராஜில் மத்தியானம் பாணும் சம்பலும். கலண்டரில் ஒன்றாம் நாளுக்கு ஒரு சரி போட்டேன்.

யூன் 6, வியாழன்

பத்மா அன்று கரைக்கு வராதது நித்திரையால் இல்லையாம். இன்று கரையில் எனக்கும் யோ.வுக்கும் சேர்த்து ஏச்சுத் தந்தாள்.

"சத்தம் கேட்டாத்தான் அண்ணை நான் கேத்திலை வைக்கிறது. முந்தநாளும் நேற்றும் பாத்தா இவர் பேய் மாதிரி முத்தத்தில நிக்கிறார். இண்டைக்கு அஞ்சு மணியில இருந்து இஞ்ச நிக்கிறன். எல்லாற்ற படகும் கேக்குது, இவற்றையைக் காணேல்லை. நான் என்னத்தை நினைக்கிறது?"

"போன் இருக்குத்தானே தங்கச்சி?"

"நடுக்கடலில கவரேஜுக்குக் கம்பம் நீங்களே நட்டு வச்சிருக்கிறியள்?"

யோ. வலையைப் பார்த்தான். நான் வானத்தைப் பார்த்தேன்.

யூன் 7, வெள்ளி

நம்பவில்லை. எஞ்சின் எல்லாம் ஒரே கம்பனி, ஒரே டக டக. அதில் புருஷனை எப்படிப் பிரித்தெடுப்பது? பத்மாவைக் கடலுக்கு முதுகு காட்டி மணலில் இருக்கச் சொன்னேன்.

முதல் சத்தம். "சீலன்." சரி.
இரண்டாவது. "சீலனிட தம்பி. அவன் எப்பவும் கோவத்திலதான் ஓடுவான்." சரி.
மூன்றாவது. "கபூர் காக்காட. ஆனா அதுக்குத் தொண்டை கட்டியிருக்கு."

பத்து மணிக்குக் கபூர் காக்காவின் எஞ்சினைத் திறந்தேன். இன்ஜெக்டர் ஒழுகுகிறது. எனக்கு இருபத்தெட்டு வருஷ அனுபவம். அவளுக்கு ஒரு கேத்தில்.

யாரிடமும் சொல்லவில்லை. கலண்டரில் சரி. இன்னும் மூன்று நாள்.

யூன் 9, ஞாயிறு

லிங்கநகர் வீட்டில் நாள் முழுதும். உடுப்புத் தோய்த்தது, கறிவேப்பிலைக்குத் தண்ணீர், பல்லியோடு கொஞ்சம் அரசியல்.

ஆறு மணிக்கு மனைவி வசந்தாவின் அழைப்பு. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு லண்டன் போனவள். மூன்று மாதம் என்றாள். இது பதினாறாவது.

சைலன்சரைப் பற்றிச் சொன்னேன். "நல்லம்" என்றாள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் அதே நல்லம். சும்மா பகிடியாகக் கேட்டேன்:

"என்ர மோட்டச்சைக்கிள் சத்தம் உமக்குத் தெரியுமோ?"

"இதென்ன கேள்வி? நீங்கள் சந்தி திரும்பேக்கயே போய்க் கேற்றைத் திறக்கிறனான்."

"ஒவ்வொரு நாளுமோ?"

"பின்னே? கேற் தானா வந்து திறக்குமே? பொறுங்கோ, குழந்தை அழுது."

மொத்த அழைப்பும் நாலு நிமிஷம்.

திறந்தே கிடக்கும் கேற் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். பதினாறு மாதமாக ஏன் இறங்கித் திறக்கவேண்டியிருக்கிறது என்று ஒருநாளாவது யோசித்தேனா? பிணைச்சல் இறுகிவிட்டதென்று எண்ணெய் விட்டேன். இரண்டு தரம். மெக்கானிக்.

யூன் 10, திங்கள்

சங்கக் கூட்டம். பன்னிரண்டு படகுக்காரர். கதிரை காணாமல் பின்னால் மனைவிமார் நின்றார்கள், பத்மா முன்னுக்கு.

ஆண்கள் எல்லாரும் சைலன்சர் பக்கம். காது மிச்சமாகும், கடலுக்குள் கதைக்கலாம். பெண்களில் ஒருத்திகூட அந்தப் பக்கம் இல்லை. நான் எழும்பி, வேணுமென்றால் ஒவ்வொரு படகுக்கும் ஊதுகுழல் பூட்டித் தருகிறேன் என்றேன்.

"ஊதுறது மறந்து போனா?" என்று ஒருத்தி.

"ஊத ஏலாத நிலையில வந்தா?" என்று பத்மா.

கபூர் காக்கா தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவினார்.

"மாஸ்டர், சாமான் திறம். நான் பொய் சொல்லல்ல. ஆனா பொம்புளையளுக்கு ஆரு பதில் சொல்ற?"

கையுயர்த்தச் சொல்லியிருந்தால் ஆண்கள் வென்றிருப்பார்கள். எனக்குத் தெரியும். ஏழு நாளும் சரி போட்டிருந்தேன்.

"கழட்டுறன் காக்கா" என்றேன். நான்தான் சொன்னேன். வேறு யாரோ சொன்ன மாதிரி இருந்தது.

பின்னேரம் பழைய குழாயைப் பூட்டினேன். கடலில் சரியாக ஓடுகிறதா பார்க்கவேண்டுமென்று யோ.வோடு நானும் ஏறினேன். வீட்டில் தேடுவதற்கு ஒருவருமில்லை.

யூன் 11, செவ்வாய்

காது இன்னும் கொய்ங் என்கிறது. வாந்தி மூன்று தரம் (யோ. ஐந்து என்று சொல்லித் திரிவான்). காலையில் யோ.வும் கூட்டாளியும் மீனோடு, ஐஸ் எடுக்கும் இறங்குதுறையில் இறங்கிவிட்டார்கள். "கரைக்கு நீங்கள் கொண்டுபோங்கோ அண்ணை" என்றான். தனியாக ஓட்டினேன். பழைய சத்தம், கரை முழுதும் அதிர.

தூரத்தில் வீட்டுக் கதவு திறந்தது. பத்மா. கையில் பிளாஸ்க். மணலில் அரை ஓட்டம், முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு அப்படி ஒருவர் வந்து எவ்வளவு காலம். நானும் கையை ஆட்டிவிட்டேன்.

கிட்ட வந்து நின்றாள்.

"அவர் எங்க?"

"ஐஸுக்கு இறங்கினவர். இப்ப வீதியால வருவார்."

"ஓ."

பிளாஸ்க்கைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். நான் முழங்கால் தண்ணீரில், கையில் கயிறு.

"சத்தம் சரியோ தங்கச்சி?"

"ஓம் அண்ணை. அப்பிடியே அவற்ற சத்தம்."

வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.