மட்டைகளுக்குப் போர்வை

நெப்ராஸ்கா,
ஏப்ரல், ஞாயிறு காலை.

மதிப்பிற்குரிய திரு. நெல்ஸ் லிண்ட்கிரன் அவர்களுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. மூன்று வருஷம் உன்னோடு ஒரே அறையில் படுத்து, நீ வீசிய பேஸ்பால் பந்தையெல்லாம் பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்த்துப் போனவன் எழுதுகிறேன். போன் செய்தால் எடுக்க மாட்டேன் என்கிறாய். கடிதத்தையாவது பிரிப்பாய் என்று நம்புகிறேன்.

ஜனவரியில் நீ கல்லூரி மாறியதற்காக எனக்குக் கோபம் இல்லை. பெரிய பல்கலைக்கழகம், பெரிய மைதானம். கூப்பிட்டால் யாரும் போவார்கள். ஆனால் உன் கட்டில் காலியாகக் கிடந்ததைப் பார்த்துத்தானா நான் தெரிந்துகொள்ள வேண்டும்? கோச் ஹர்லனிடம் ஓடினேன். அவர், "உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்" என்று என்னையே பார்த்தார். அந்த அவமானத்தைக்கூட விழுங்கிவிட்டேன். நேற்று நடந்ததை விழுங்க முடியவில்லை.

நேற்று உன் புது அணி எங்களோடு ஆட வந்தது. ஆட்டத்துக்கு முன்னால், எங்கள் மைதானத்தில், எங்கள் கண் முன்னாலேயே மட்டைகளை வரிசையாகப் புல்லில் படுக்க வைத்தார்கள். மேலே நீலப் போர்வையைப் போர்த்தினார்கள். பிறகு ஒரு தடியன் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, போர்வையை உருவி எறிந்து, "எந்திரிங்கடா சோம்பேறிகளா! வெயில் முதுகுல அடிக்குது, இன்னும் என்ன தூக்கம்?" என்று கத்தினான். மற்றவர்கள் மட்டைகளுக்காகக் கொட்டாவி விட்டார்கள்.

இது யாருடையது நெல்ஸ்? முதல் வருஷம், தோல்வி மேல் தோல்வி வாங்கி, ஒரு பயலுக்கும் பந்து மட்டையில் படாத அந்தக் குளிரில், "மட்டையெல்லாம் தூங்குதுடா, பாவம், போர்த்தி விடுங்க" என்று உன் போர்வையை எடுத்துப் போட்டது நீ. மறுநாள் உன் அம்மா உன்னை எழுப்புகிற மாதிரியே இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு திட்டி எழுப்பினாய். கோச் சிரிப்பை மறைக்கத் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். அன்று ஜெயித்தோம். அதன் பிறகு ஓர் ஆட்டத்துக்கும் அதை விட்டதில்லை.

உன் அம்மா ஒரு தடவை ஆட்டம் பார்க்க வந்தபோது அதைக் கேட்டுவிட்டு, "நான் இவ்ளோ கேவலமாவா கத்துறேன்? தள்ளுங்கடா" என்று துண்டைப் பிடுங்கி இடுப்பில் கட்டித் தானே எழுப்பிக் காட்டினாரே! பெஞ்சில் சாய்ந்திருந்த நம் அணிப் பையன் பாஸ்குவால் பயத்தில் நிஜமாகவே எழுந்து நின்றான்.

அந்த வசவைத் தூக்கி ஊரானுக்குக் கொடுக்க உனக்கு எப்படி மனசு வந்தது? அதிலும் எல்லாமே தப்பு. போர்வைக்கு வெளியே கைப்பிடி தெரிய வேண்டும். அவர்கள் மூச்சு முட்ட மூடிவிட்டார்கள். கொட்டாவிக்கு முன்னால் "இன்னும் அஞ்சே நிமிஷம்மா" என்ற கெஞ்சல் வர வேண்டும். அது இல்லவே இல்லை. திருடியதை ஒழுங்காகவாவது திருடக் கூடாதா?

உன் சட்டையைப் பிடித்து நாலு வார்த்தை கேட்கலாம் என்று நேராக நடந்தேன். "வேணாம் வெண்டல், அம்பயர் பாக்குறாரு" என்று பாஸ்குவால் பின்னாலேயே ஓடி வந்தான். நீ அங்கே இல்லை. அந்தத் தடியன், பாஸ்வர்த் என்று பேராம், அவன்தான் இப்போது உன் பந்தைப் பிடிக்கிற கேட்சராம். அதுவே எனக்குப் போதுமான எரிச்சல். "எங்கடா அவன்? என் மூஞ்சியில முழிக்க வெக்கமா?" என்றேன்.

அவன் சண்டைக்கு வரவில்லை. துண்டை அவிழ்த்துக் கையில் சுருட்டிக்கொண்டான்.

"நீதான் வெண்டலா? அவங்க அம்மாவுக்கு இந்த வாரம் ரொம்ப முடியல. வீட்டுல கூடவே இருக்கான். வீட்டுக்குப் பக்கத்துல இருக்கணும்னுதானே எங்க காலேஜுக்கே வந்தான்? உனக்குத் தெரியாதா?" என்றான். பிறகு, "உங்க மைதானத்துல இத கட்டாயம் செய்யணும்னு அவன்தான் சொல்லி அனுப்பினான். வெண்டல் மொதல்ல கத்துவான், அப்புறம் சிரிச்சிருவான்னான்" என்றான்.

நான் சிரிக்கவில்லை, நெல்ஸ். ஆட்டத்தில் என்ன நடந்தது என்று பாஸ்குவாலைக் கேட்டுக்கொள். கைக்கு நேராக வந்த பந்துகளையெல்லாம் கோட்டை விட்டேன்.

பாஸ்வர்த்துக்குத் தெரியலாம், எனக்குத் தெரியக் கூடாதா? என் அப்பா டிராக்டரிலிருந்து விழுந்தபோது, வர வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் ஆஸ்பத்திரி நாற்காலியில் என்னோடு உட்கார்ந்திருந்தவன் நீ. உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா? என் ஆட்டம் கெட்டுவிடும் என்று மறைத்தாயா? கெட்டால் கெடட்டுமே! அதைத் தீர்மானிக்க நீ யார்?

அடுத்த ஞாயிறு எங்களுக்கு ஆட்டம் இல்லை. கோச் தன் வண்டியைத் தருகிறார். மத்தியானத்துக்குள் வந்துவிடுவேன். கசகசா வைத்த ரொட்டி உன் அம்மாவுக்குப் பிடிக்குமென்று என் அம்மா சுட்டுத் தருகிறாள். சாப்பிட முடியாவிட்டாலும் வாசனைக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னாள். உன்னோடு எனக்கு இருக்கிற சண்டையைத் தோட்டத்தில் நின்று, அவருக்குக் கேட்காமல் போட்டுக்கொள்கிறேன். அது முடிந்ததும் உள்ளே வந்து, நீ போகச் சொல்கிற வரைக்கும் இருப்பேன்.

வராதே என்று மட்டும் எழுதிவிடாதே.

இன்னும் கோபம் தீராத,
உன் கேட்சர்,
வெண்டல் ஹோலுப்