டிஸ்க்கில் வைத்த பொட்டு

குண்டசாலை,
புரட்டாசி இரண்டாம் சனிக்கிழமை எழுதத் தொடங்கியது.

அன்பு மகன் திவாகரனுக்கு உன் அப்பா பழனியாண்டி எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அக்கா தர்ஷிகா, மச்சான் கணேஸ், குட்டி யசோதினி நாலு பேரும் நேரத்துக்குச் சாப்பிட்டு நடமாடுகிறோம், நீயும் ஜப்பானில் அப்படியே சாப்பிட்டு நடமாட வேண்டும் என்று முருகனைக் கும்பிட்ட கையோடு பேனையை எடுத்தேன். இந்தக் கடிதத்தை யாரும் எழுதித் தரவில்லை தம்பி, ஒவ்வொரு எழுத்தும் நானே போட்டது. முந்திய கடிதம் இரண்டும் நான் சொல்லச் சொல்லக் குட்டி எழுதினாள், கடைசியில் பெயரை மட்டும் நான் போட்டேன். அன்னலட்சுமி டீச்சர் கோயில் மண்டபத்தில் நடத்தும் மாலை வகுப்பில் எனக்கு இப்போது ஒன்பது மாதம் முடிந்துவிட்டது. பதினொரு பொம்பிளைகள், நான் ஒரு ஆம்பிளை. முதல் நாள் ஒருத்தி, தாத்தா நாளைக்குச் சேலை கட்டிட்டு வாங்கன்னு சொல்லிச் சிரித்தாள், இப்போது அவளே என் கொப்பியைப் பார்த்துத்தான் எழுதுகிறாள். எழுபத்திரண்டு வயதில் பஸ் போர்டை நானே வாசித்து ஏறுகிறேன், அந்தச் சந்தோசத்தில் ஒரு நாள் எந்த வேலையும் இல்லாமல் கண்டி வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். கை மட்டும் மெதுவாகத்தான் போகிறது, ஒரு நாளைக்கு அரைப் பக்கம். அதனால் ஓர் இடத்தில் மழை என்றும் இன்னோர் இடத்தில் வெயில் என்றும் எழுதியிருந்தால் குழம்பாதே, நாள் மாறியிருக்கும்.

நல்ல சேதி அவ்வளவுதான் தம்பி. போன ஞாயிற்றுக்கிழமை நீ போன் எடுத்தபோது அக்கா சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள், நான் பக்கத்தில் கதிரையில்தான் இருந்தேன். நான்தாங்க்கா சரியாச் சுத்தாம அனுப்பிட்டேன், பொறுத்திருந்து கையிலேயே கொண்டாந்திருக்கணும், அம்மாவ நானே தொலைச்சிட்டேன்னு நீ அழுதாய். நீ தொலைக்கவில்லை தம்பி. நீ அந்த டிஸ்க்கைக் கட்டி அனுப்பியதில் ஒரு குறையும் இல்லை, பஞ்சு வைத்து, அட்டை வைத்து, மூன்று சுற்று ஒட்டியிருந்தாய், பிரிக்கவே எனக்கு அரை மணி நேரம் ஆனது. கெடுத்தது நான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். வாயால் சொல்லலாம் என்றால் போன் அக்காவுடையது, அவள் பக்கத்திலேயே நிற்பாள்.

உனக்குத் தெரிந்ததையும் சேர்த்து முதலிலிருந்து எழுதுகிறேன், அப்படி எழுதினால்தான் எனக்குக் கை வரும். ஹுன்னஸ்கிரிய தோட்டத்துக்கு ஜப்பான்காரர்கள் தேயிலையைப் படம் பிடிக்க வந்தபோது நீ பள்ளிக்கூடத்தில் ஓ.எல். படித்துக்கொண்டிருந்தாய். அன்று நான் மேல் மலையில் கவ்வாத்து வெட்டப் போயிருந்தேன், அவர்கள் கீழ் மலையில், உன் அம்மா பேச்சியம்மா கொழுந்து எடுத்த நிரையில் கமெராவை வைத்துவிட்டார்கள். கூட வந்த தமிழ் தெரிந்த ஜப்பான் அம்மா ஏதோ கேட்க, பேச்சியம்மா கூடையைக்கூட இறக்காமல் நின்று பேசினாளாம். லயத்து வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன், என்னத்தடி சொன்ன அந்தக் கமெராவுல, என்னையக் குடிகாரன்னு சொல்லிட்டியான்னு. அவள் சிரித்தாள். ஏன் பறக்குறீங்க, படம் வரும்ல, அப்பப் பாத்துக்கங்கன்னாள். எத்தனை தடவை கேட்டும் அதே பதில், அதே சிரிப்பு. எனக்குக் கோபம் வந்து இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. அந்தப் படம் ஜப்பானில் டீவியில் ஓடியதாம், நம் தோட்டத்துக்கு வரவில்லை. அடுத்த வருசம் அவள் போய்விட்டாள். அவள் உருவம் என்று என்னிடம் இருப்பது அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டது ஒன்றுதான், அதில் யாரோ மிரட்டியது போல விழித்துக்கொண்டிருக்கிறாள். குரல் எதிலும் இல்லை.

அவள் பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்த விலாச அட்டையை ஜப்பானுக்குக் கொண்டுபோய், அந்த ஜப்பான் அம்மாவை நீ தேடிப் பிடித்தாய். டீவியில் ஓடிய அன்று அந்த அம்மா தன் வீட்டில் டீவியைப் பதிவுசெய்கிற பெட்டியில் பிடித்து ஒரு டிஸ்க்கில் போட்டு வைத்திருந்தார், பெட்டியில் இருந்தது அத்தோடு அழிந்துவிட்டது, டிஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் விடாது, இருப்பது இது ஒன்றுதான் என்றாய். நீ அவர் வீட்டில் இரண்டு தடவை பார்த்ததாகவும் சொன்னாய். அம்மா என்ன பேசுது என்று நான் கேட்டதற்கு, நான் சொல்ல மாட்டேம்ப்பா, அம்மாவே சொல்லட்டும்னு சொன்னாய். போனில் பிடித்து அனுப்பச் சொன்னாள் அக்கா, அதுக்கும் நீ, மூஞ்சி கலங்கிப் போயிரும், ஒரு இலைகூட விடாம தெரியிற படம் அது, அப்பா பெருசா பாக்கட்டும்னாய். உன்னைக் குறை சொல்லவில்லை தம்பி, எனக்கும் அப்படித்தான் பார்க்க ஆசை.

வைகாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை உன் பொட்டலம் வந்தது. வீட்டில் நான் மட்டும். டிஸ்க்கின் ஒரு பக்கத்தில் பேனையால் ஜப்பான் எழுத்து, மறு பக்கம் கண்ணாடி போல மினுங்கியது. எழுதியிருக்கிற பக்கம் முதுகு, மினுங்குகிற பக்கம் முகம் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். பன்னிரண்டு வருசம் கழித்து வீட்டுக்குள் வருகிறாள், அதுவும் வெள்ளிக்கிழமை, சும்மா எப்படி உள்ளே எடுப்பது. சுமங்கலியாகப் போனவள். சந்தனத்தைக் குழைத்து ஓட்டைக்குப் பக்கத்தில், நெற்றி என்று நான் நினைத்த இடத்தில், பெரிதாக ஒரு பொட்டு வைத்து நடுவில் குங்குமமும் வைத்தேன். படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்து சாம்பிராணி காட்டினேன். அப்போது எனக்கு இருந்த சந்தோசத்தை எழுத இன்னும் படிக்க வேண்டும்.

பின்னேரம் அக்கா வரும் நேரம் ஆனதும் ஏசுவாளோ என்று பயம் வந்தது. சந்தனம் காய்ந்து ஓடு போல ஒட்டியிருந்தது. நகத்தால் சுரண்டினேன், கறை நின்றது. குத்துவிளக்குத் துலக்குவது போலத் திருநீற்றைப் போட்டு வட்டம் வட்டமாகத் தேய்த்தேன், நன்றாக அழுத்தித் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது போலத்தான் இருந்தது. உறைக்குள் போட்டுவிட்டு, அவள் வந்ததும், தபால் வந்துருச்சும்மா என்றேன்.

இன்று மழை. குட்டியின் பள்ளிக்கூடத்துக்குக் கொரோனா காலத்தில் வாங்கிய கொம்பியூட்டரில் போட்டுப் பார்த்தோம், ஒன்றும் வரவில்லை. என் தேய்ப்புத்தான் கெடுத்துவிட்டது என்று நினைத்தேன். கணேஸ் என்னைக் கெலிஓயாவில் கொம்பியூட்டர் திருத்தும் பஹ்மியின் கடைக்குக் கூட்டிப்போனார். பஹ்மி உறையின் மேல் எழுத்தைப் பார்த்ததுமே, இது சும்மா சீடி இல்ல ஐயா, ஒங்கட பெட்டியில ஈக்கிறது செவப்பு லைட்டு, இதுல எழுத்து சரியான பொடி, நீல லைட்டு டிரைவ்தான் வாசிக்கும் என்றார். அப்போது எனக்கு உயிர் வந்தது தம்பி. என் தேய்ப்பில் பிழை இல்லை, பெட்டிக்குத்தான் இந்த எழுத்து தெரியாது, போன வருசம் நான் இருந்தது போல. என்னென்ன வேண்டும் என்று அவர் சொல்லச் சொல்ல என் கொப்பியில் எழுதிக்கொண்டேன், பாடத்துக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து அதுதான்.

கட்டுகஸ்தோட்டையில் கல்யாண வீடியோ எடுக்கிறவரிடமிருந்து டிரைவ் வர ஒரு மாதம் ஆனது. டிரைவ் மட்டும் காணாது ஐயா, படத்துக்குப் பூட்டுப் போட்டு ஈக்கி, சாவியோட வார சொப்ட்வெயார் ஒண்டு வேணும், அந்தச் சாவியையும் இன்டர்நெட்டுல அடிக்கடி புதுப்பிக்கோணும் என்றார் பஹ்மி. அதைப் போட்டபிறகு, பெட்டிக்கு வேகம் காணாது, இவ்வளவு தெளிவான படத்தை இழுக்க அதற்கு மூச்சு இல்லை என்றார், உள்ளே வேறு ஏதோ மாட்டினார். அதற்குப் பிறகு ஸ்க்ரீன். பழைய ஸ்க்ரீனும் பழைய வயரும் சரிவராதாம், பூட்டுப் போட்ட படத்தை அந்த வயர் வழியாக விட்டால் நடுவில் யாராவது திருடிவிடுவார்கள் என்று பெட்டியே மறித்துவிடுமாம், பூட்டை ஒப்புக்கொள்கிற ஸ்க்ரீனும் அதற்கேற்ற வயரும் வேண்டுமாம். உன் அம்மாவை யார் தம்பி திருடப்போகிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் நீ, படம் வந்துச்சாப்பான்னு கேட்பாய், நான் டிரைவ் இல்லை, சாவி இல்லை, வயர் இல்லை என்று சொல்வேன். உண்மையைச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் இல்லை என்றபோது எனக்கு உள்ளுக்குள் ஆறுதலாக இருந்தது. ஏதாவது ஒன்று இல்லாமல் இருக்கும் வரைக்கும் அவள் அதற்குள் இருந்தாள்.

ஆவணி கடைசியில் எல்லாம் கூடிவிட்டது. வீட்டு டீவியைப் பெட்சீட்டில் சுற்றிக் கணேஸின் த்ரீவீலில் ஏற்றி, அது விழாமல் நானும் அக்காவும் பிடித்துக்கொண்டு கெலிஓயாவுக்குப் போனோம். வீடியோக்காரர் கொடுத்த கடல் படம் ஒன்றை பஹ்மி முதலில் போட்டார். மீனின் செதிலை எண்ணலாம் தம்பி, அவ்வளவு தெளிவு. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா, அம்மா இப்புடித் தெரியப்போவுதுப்பான்னாள். பிறகு நம்முடையதைப் போட்டார். பெட்டி சுற்றியது, டிக் டிக் என்றது, நின்றது. டிஸ்க் இல்லை, டிஸ்க் போடுங்கள் என்று எழுத்து வந்தது. மூன்று தடவை போட்டார், மூன்று தடவையும் அதேதான். எடுத்து லைட்டுக்கு நேரே பிடித்தார். ஓட்டையைச் சுற்றி ஒரே புகை, வட்டம் வட்டமாக. ஐயா, இத என்னத்தால தொடச்சீங்க என்று கேட்டார். நான், நாங்க தொடவே இல்லீங்க, தபால்ல வரக்குள்ள பட்டிருக்கும் என்றேன். பிள்ளை முன்னால் பொய் சொன்னேன். ஓட்டையின் விளிம்பில் துளியாகக் குங்குமம் இருந்ததை நான் கண்டேன், பஹ்மியும் கண்டார். பெருவிரலால் அதைத் துடைத்துவிட்டு, ஓ, போஸ்ட்டுல இப்படி நடக்கிறதுதான் என்று அக்காவிடம் சொன்னார்.

மறுநாள் தனியாகப் போய் அவரிடம் எல்லாம் சொன்னேன். பழைய சீடியில் எழுத்து ஆழத்தில் இருக்குமாம், கீறினாலும் மேலே தேய்த்து எடுக்கலாம். இதில் எழுத்து மயிரளவு தோலுக்குக் கீழேயே இருக்கிறதாம், தேய்த்துச் சரிசெய்யப் போனால் மிச்சமும் போய்விடும். ஓட்டைக்குப் பக்கத்தில்தான் அது தன்னை யார் என்று பெட்டிக்குச் சொல்கிற இடமாம். மற்ற எல்லா இடமும் நல்லா ஈக்கி ஐயா, ஆனா கதவே தொறக்காதே என்றார். கண்டியில் தெரிந்த இரண்டு பேரிடமும் கேட்டுவிட்டார், அவர்களும் முடியாது என்றார்கள். அவள் முழுசாக உள்ளே இருக்கிறாள் தம்பி, நெற்றியில் நான் வைத்த பொட்டுத்தான் அவளை மறித்துக்கொண்டு நிற்கிறது. சாப்பாடு இறங்கவில்லை. வகுப்புக்குப் போகிறேன், டீச்சர் எழுதுவதை எழுதுகிறேன், வந்து படுக்கிறேன். அக்கா நான் டிஸ்க்குக்காகக் கவலைப்படுகிறேன் என்று நினைத்து ஹோர்லிக்ஸ் கலக்கித் தருகிறாள், நானும் வாங்கிக் குடித்துவிடுகிறேன்.

இன்று வெயில், ஒன்பதாம் நாள், கடைசிப் பக்கம். என்னை ஏச வேண்டும் என்றால் எழுதி ஏசு, அதையும் வாசிப்பேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று செய். நீ இரண்டு தடவை பார்த்திருக்கிறாய். முதலிலிருந்து எழுது. எந்த மலை, என்ன நிறச் சேலை, தலையில் சாக்கு போட்டிருந்தாளா, பேசும்போது கை கொழுந்தில் ஓடிக்கொண்டே இருந்ததா, எந்த இடத்தில் சிரித்தாள். அப்புறம் அவள் பேசியதை அவள் பேசியபடியே எழுது, புத்தகத் தமிழில் திருத்தாதே. நினைவில்லாத இடத்தில் நினைவில்லை என்றே எழுது தம்பி, என் மனம் ஆறட்டும் என்று நீயாக ஒரு சொல்கூடச் சேர்க்காதே. என்னைக் குடிகாரன் என்று சொல்லியிருந்தால் அதையும் எழுது. போனில் சொல்லாதே, போனில் கேட்டால் ஒரு தடவையோடு போய்விடும். எழுத்தைப் பெரிதாகப் போடு, விரலை வைத்து வாசிக்கிற ஆள் நான். ஒரு வரிக்கு ஒரு நாள் ஆனாலும் பரவாயில்லை, தெரியாத எழுத்தை டீச்சரிடம் தனியாகக் கேட்டுக்கொள்வேன், கடிதத்தை யாரிடமும் வாசிக்கக் கொடுக்க மாட்டேன்.

குளிருக்குக் காலுறை போட்டுப் படு, பொட்டல நூடில்ஸையே சாப்பிட்டு வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, அந்த ஜப்பான் அம்மாவுக்கு என் கும்பிடைச் சொல், டிஸ்க் கெட்ட கதையைச் சொல்லாதே. அக்காவிடமும் வாய் தவறிவிடாதே, நேரம் பார்த்து நானே சொல்வேன். முருகன் உன் பக்கத்திலேயே இருக்கட்டும், உன் கையும் காலும் கண்ணும் நன்றாக இருக்கட்டும், நீ போகிற இடமெல்லாம் நாலு நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும். பதில் கடிதத்தின் உறையில் என் பெயரைத் தமிழில் எழுது, தபால்காரர் கொடுக்கும்போது நானே வாசித்து வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போடும் உன் அப்பா,
மு. பழனியாண்டி