எறும்பு மொய்த்த ஏழு புட்டிகள்

அண்ணே,

இன்று காலை தேநீர் கலக்கப் போனேன். கெட்டிப்பால் டின்னின் விளிம்பெல்லாம் எறும்பு. மருமகள் துடைக்கத் துணியோடு வந்தாள். "இரும்மா, கொஞ்ச நேரம் மொய்க்கட்டும்" என்றேன். மாமியாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று பயந்திருப்பாள். எறும்பைப் பார்த்தால் எனக்கு ஒரு மனுஷனின் ஞாபகம் வருகிறது என்று சொன்னால் இன்னும் பயந்துவிடுவாள். அதனால் உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இன்றோடு நாற்பது நாள்.

ஜெலுத்தோங் கடலோரத்து மர ஆலையில் என் கிளினிக் எப்படி இருந்தது என்று நினைவிருக்கிறதா? ஒரு கட்டில், ஒரு அலமாரி, காற்றுக்காகத் திறந்தே கிடக்கும் ஒரு ஜன்னல். நான் அந்த ஆலையின் ஒரே தாதி, எல்லோருக்கும் மிஸ்ஸி. நீங்கள் பெரிய ரம்பத்துக்குப் பல் தீட்டி மாட்டிவிடுகிறவர், ரம்பத்துக்கு வைத்தியர் என்பதால் எல்லோருக்கும் டாக்டர். "டாக்டர் இருக்காரு, மிஸ்ஸி இருக்காங்க, ஆஸ்பத்திரிதான்லா பாக்கி" என்று சேகர் கத்திக் கேலி செய்வான். ஆயர் ஈத்தாமிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து, தீட்டும் அறைக் கதவைச் சாத்திக்கொள்வீர்கள். பொறி பறக்கும் அந்த அறைக்குள் வேறு யாரும் வரமாட்டார்கள். அந்த வசதியை நீங்கள் எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது, திருட்டு மனுஷரே!

கணேசனின் கையை முதலில் சொல்ல வேண்டும். மரத்தை ஏற்றிய வண்டியை ரம்பத்தின் மேல் விடுவது சேகர். எதிர்ப்பக்கம் நின்று பலகையை வாங்குவது கணேசன். ரம்பம் ஓடும்போது காது கேட்காது; கணேசன் கை உயர்த்தினால்தான் சேகர் வண்டியை விட வேண்டும். அன்று கணேசன் கை உயர்த்தவில்லை. சிக்கிய சிராயை எடுக்கக் குனிந்திருந்தான். சேகர் வண்டியை விட்டுவிட்டான். இடது கையில் இரண்டு விரல். மரத்தூளைக் கிளறி அந்த இரண்டையும் தேடி எடுத்து, உங்கள் பனியனில் சுற்றி என் மேஜையில் கொண்டுவந்து வைத்தவர் நீங்கள்தான். ஆஸ்பத்திரியில் அவற்றைப் பொருத்த முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

சேகரின் சட்டையில் கஞ்சா வாடை அடித்ததை நான் அன்றே முகர்ந்தேன். பலகை அடுக்குகளுக்குப் பின்னால் சேகரோடு சேர்த்து ஆறு பேர் அதை இழுப்பது ஆலை முழுக்கத் தெரிந்த ரகசியம். உடம்பு வலி தெரியாது, வேலை அலுக்காது என்பார்கள். அது சரிதான். அலுக்காதுதான். தான் கெட்டிக்காரத்தனமாக வேலை செய்வதாகத்தான் அவனுக்குத் தோன்றும். கண் பார்ப்பது மனசில் ஒரு நொடி பிந்தி ஏறுவது மட்டும் தெரியாது. அந்த ஒரு நொடிதான் கணேசனின் விரல்.

தவுக்கே சும்மா இருப்பாரா? ஆலை முதலாளியான அந்தச் சீனக் கிழவர் நடுவில் நின்று மலாயில் சத்தம் போட்டார். இயந்திரத்தைத் தொடுகிற ஒவ்வொருவனும் புட்டியில் சிறுநீர் கொடுக்க வேண்டும். ஆய்வுக்கூடம் கஞ்சா என்று சொன்னால் வேலை போகும், போலீஸும் வரும். போலீஸ் வந்தால் மறுவாழ்வு முகாம் என்பதும், உள்ளே போனவன் சீக்கிரம் திரும்ப மாட்டான் என்பதும் எல்லோருக்கும் தெரியும். சேகரின் மனைவி அப்போது ஏழு மாதம்.

புட்டிகள் வந்தன. பெயர் ஒட்டி ஜன்னலோரம் வரிசையாக வைத்தேன். பிற்பகல் ஆய்வுக்கூடத்து வேன் வரும்வரை அங்கேயே இருக்கட்டும் என்று, கணேசனுக்குக் கட்டு மாற்றப் போனேன். திரும்பி வந்து பார்க்கிறேன், ஜன்னல் சட்டத்தில் எறும்புச் சாரி. இருபத்துமூன்று புட்டிகளில் ஏழின் மூடியைச் சுற்றி மட்டும் அப்படி ஒரு மொய்ப்பு! மற்ற பதினாறையும் எறும்பு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏழிலும் சர்க்கரைச் சோதனைத் தாளை நனைத்தேன். ஏழும் ஒரே கருநிறம். பெயர்களைப் படித்தேன். ஆறு பேர் அந்த ஆறு பேர்தான். ஏழாவது நீங்கள்.

ஐயோ கடவுளே என்று தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். அழுவதா சிரிப்பதா? தைப்பூசத்துக்கு விரதம் இருந்தீர்கள். கழுத்தில் மாலை, நெற்றியில் பட்டை, கறி இல்லை, கள் இல்லை, பொய் இல்லை. ஆலையிலேயே சுத்தமான சிறுநீர் உங்களுடையதுதான் என்று அந்த ஆறு மடையர்களும் முடிவு கட்டியிருக்கிறார்கள். நீங்களும் கதவைச் சாத்திக்கொண்டு ஆறு பேருக்கும் நிரப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு வேளைச் சோறு, மற்ற நேரமெல்லாம் கற்கண்டுப் பாலும் வாழைப்பழமும் என்று நீங்கள் விரதம் இருந்த இலட்சணம் எறும்புக்குத்தான் முதலில் தெரிந்தது.

வேன்காரனிடம் நாளைக்கு வா என்று சொல்லி அனுப்பினேன். அது என் உத்தியோகத்துக்குத் தப்பு, இன்றும் ஒப்புக்கொள்கிறேன். பிறகு உங்களைக் கூப்பிட்டேன்.

"நான் பொய் சொல்லல மிஸ்ஸி. எங்கிட்ட யாரும் கேக்கலையே" என்றீர்கள்.

"இப்ப நான் கேக்கிறேன். இந்த ஏழும் யாரோடது?"

மாலையைப் பிடித்துக்கொண்டீர்கள். "என்னோடதுதான். ஆறு குடும்பம்லா மிஸ்ஸி. புள்ளத்தாச்சிப் பொண்ணு வேற. பாவம் பாக்காம எப்படி இருக்கிறது?"

எனக்கு வந்ததே கோபம்! "நல்லா இருக்குண்ணே உங்க பாவம் பாக்கிறது! நாளைக்கு அவன் அதே போதையோட வண்டிய விடுவான். அடுத்து யாரு விரல பனியன்ல சுத்திக் கொண்டாரப் போறீங்க? கொண்டாங்க, மேஜை காலியாத்தான் இருக்கு" என்றேன். உங்கள் முகம் செத்துப்போயிற்று. அந்த வார்த்தையை அவ்வளவு கடுமையாகச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று பிறகு எத்தனையோ நாள் வருந்தியிருக்கிறேன். ஆனால் வேறு எப்படிச் சொல்வது என்று அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியவில்லை.

"அதோட இன்னொண்ணு. உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கு, சக்கரை வியாதி" என்றேன்.

திருதிருவென்று விழித்தீர்கள். "வெரதத்துலகூடவா மிஸ்ஸி?"

நான் அழுதுகொண்டே சிரித்தது அன்று ஒருநாள்தான்.

நேராகத் தவுக்கேயின் அறைக்குப் போனீர்கள். நானும் பின்னாலேயே வந்தேன். ஏழு புட்டியும் என்னுடையது என்று மலாயில் சொன்னீர்கள். அவர் எழுந்தே நின்றுவிட்டார். யார் யார் கேட்டார்கள், பெயரைச் சொல் என்றார். "என் வாயில இப்ப பொய் வராது தவுக்கே. அதனால என்னைக் கேக்காதீங்க. அவங்களே வருவாங்க. வரலைன்னா மொத ஆளா என்னை வெளியே அனுப்புங்க" என்றீர்கள். பெயர் ஒட்டியது நான்தானே. அவர் என் பக்கம் திரும்பினால் என்ன செய்வது என்று பயந்துகொண்டே நின்றேன். அவர் திரும்பவில்லை. நாளை மதியம்வரை நேரம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலை சங்கு ஊதியது. ரம்பம் ஓடவில்லை. தீட்டிய ரம்பத்தைத் தோளருகே சாய்த்து வைத்துக்கொண்டு, மாட்ட மாட்டேன் என்று முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டீர்கள்! நீங்கள் மாட்டாவிட்டால் ஆலையில் ஒரு குச்சிகூட அறுபடாது. ஆறு பேரும் சுற்றி நின்றார்கள்.

"நேத்து உங்களுக்கு ஒத்தாசை பண்ணது தப்பு. என் தப்பு" என்றீர்கள். "நீங்க போயி உண்மையச் சொல்லுங்க. அப்புறம் இதை மாட்டுறேன்."

"டாக்டரு, எங்கள மாட்டிவிடப் பாக்கிறீங்களா?" என்று சேகர் சீறினான்.

"மாட்டிவிடணும்னா நேத்தே பேரச் சொல்லியிருப்பேன்டா."

ஒன்பது மணிக்கு ஒருவன் போனான். பத்துக்குள் மூன்று பேர். பதினொன்றுக்கு ஐந்து. சேகர் மட்டும் அசையவில்லை. கட்டு மாற்ற வந்த கணேசன் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றான். பிறகு சேகரிடம் போனான். அடிக்கப் போகிறான் என்றுதான் நினைத்தேன். "உம் மேல போலீஸ்ல சொல்லச் சொன்னாங்க. நான் சொல்லலடா. ஆனா நீ இப்ப போகலைன்னா இனிமே நான் உன் எதுக்க நிக்கவே மாட்டேன்" என்றான். சேகர் கணேசனின் கட்டுப் போட்ட கையையே பார்த்தான். குழந்தை மாதிரி ஓவென்று அழுதான். அழுதுகொண்டே போய்த் தவுக்கேயின் கதவைத் தட்டினான். மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். நீங்கள் எழுந்து ரம்பத்தை மாட்டினீர்கள்.

தவுக்கே ஒன்றும் தர்மப் பிரபு இல்லை. போலீஸ் வந்தால் ஆலையின் பெயரும் கெடும், கைதேர்ந்த ஆறு ஆட்களும் போய்விடுவார்கள் என்று கணக்குப் போட்டார். போடட்டும், நமக்கென்ன. ஆறு பேரும் இயந்திரத்தின் பக்கம் வரக்கூடாது. பலகை அடுக்க வேண்டும். வாரம் ஒரு புட்டி. அடுத்தடுத்து இரண்டு சுத்தமாக வந்தால்தான் பழைய இடம். கதவைப் பாதி திறந்து வைத்து, முதுகைக் காட்டிக்கொண்டு நான் வாசலில் காவல் நின்றேன். "மிஸ்ஸி நின்னா வரமாட்டேங்குது" என்று கெஞ்சுவான்கள். "வர்ற வரைக்கும் நிக்கிறேன், எனக்கென்ன அவசரம்" என்பேன்.

ஐந்து பேர் தேறிவிட்டார்கள். சேகரின் புட்டிதான் வாரா வாரம் காலை வாரியது. இன்னும் இழுக்கிறான், துரத்து என்றார் தவுக்கே. அப்போது நான் பேசினேன். வருஷக்கணக்கில் இழுத்தவன் உடம்பில் அது வாரக்கணக்கில் தங்கும். புட்டி போன மாதத்தைச் சொல்கிறது, இன்றைக்கு அவன் கை நடுங்குகிறதா என்று அதற்குத் தெரியாது. அளவு குறைகிறதா என்று ஆய்வுக்கூடத்தைக் கேளுங்கள் என்றேன். கேட்டார்கள். குறைந்துகொண்டே வந்திருந்தது! தைப்பூசத்துக்கு முந்தின வாரம் இரண்டாவது சுத்தமான தாள் வந்தது. அதை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, உத்தியோக மரியாதையெல்லாம் மறந்து, ஆலையின் நடுவில் ஓடினேனே, பார்த்தீர்கள் அல்லவா? தகரக் கூரை அதிர அதிரக் கத்தினார்கள். தவுக்கேகூட ஒரு தட்டு ஆரஞ்சு அனுப்பினார். நீங்கள் கை நீட்டினீர்கள். "ஒரே ஒரு சுளை" என்றேன்.

கணேசன் எதிர்ப்பக்கம் வந்து நின்றான். மூன்று விரல் கையை வேண்டுமென்றே மெதுவாக உயர்த்தினான். சேகர் அது முழுதாக உயரும்வரை காத்திருந்தான். பிறகு வண்டியை விட்டான். அந்த வருஷம் தண்ணீர்மலைக் கோயிலுக்கு நீங்கள் காவடி எடுத்தபோது ஆறு பேரும் உங்கள் கூடவே நடந்து வந்தார்கள். வெறுங்காலில் நடந்ததற்கு நான் திட்டியதும் உங்களுக்கு நினைவிருக்கும்.

அதற்குப் பிறகு எத்தனை வருஷம் ஓடியது அந்த ரம்பம்! நீங்களும் கற்கண்டை விட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே மாத்திரை போட்டு, பேரப்பிள்ளைகளைப் பார்த்துவிட்டுத்தான் போனீர்கள்.

நாற்பது நாளைக்கு முன் உங்கள் அடுக்குமாடியில் லிஃப்டுக்குள் சவப்பெட்டி நுழையவில்லை. ஐந்து மாடி இறக்க வேண்டும். உங்கள் பிள்ளைகள் தயங்கி நின்றபோது, கூட்டத்தை விலக்கிக்கொண்டு அந்த ஆறு பேரும் முன்னால் வந்தார்கள். எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது. சேகர் கால்மாட்டைப் பிடித்தான். படிக்கட்டின் திருப்பத்தில் நான் சுவரோடு ஒட்டி வழி விட்டேன். பெட்டி என்னைக் கடந்தபோது அதைத் தாங்கிய கைகளைப் பார்த்தேன். ரம்பத்தில் காலம் தள்ளியவர்களின் கைகள். ஒவ்வொன்றாக எண்ணினேன் அண்ணே. அறுபது விரலும் இருந்தன.