முன் சீட்டுக்குக் கொஞ்சம் குளிர்

குவார்ட்ஸைட், அரிசோனா
9 ஏப்ரல் 2011

அன்புள்ள வெஸ்லி,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போன் செய்திருக்கலாம். ஆனால் போனில் பேசினால் பத்து நிமிடத்தில் பழைய சண்டைக்குப் போய்விடுவோம். பிரிந்து ஆறு வருடமாகியும் அது மட்டும் மாறவில்லை. கடிதத்தில் நீ நல்லவன்.

கிறிஸ்துமஸ் அட்டையில் எழுதியிருந்தாயே, கோடைக்கு நீ குடியிருக்கும் வீட்டு வண்டியை யாகிமாவுக்கே ஓட்டிவந்து உன் ஆப்பிள் மரநிழலில் நிறுத்திக்கொள் என்று. அதற்குத்தான் தயாராகிறேன். ஜூன் வந்தால் இந்தப் பாலைவனத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். மதியத்தில் கூரை ஏ.சி.யும் வெயிலிடம் தோற்றுப்போகிறது. ஜெனரேட்டர் பழுதாகிவிட்டதால் வண்டி ஓடும்போது அது எப்படியும் உதவாது.

சிக்கல் டேஷ்போர்டு ஏ.சி.தான். முகத்துக்கு வர வேண்டிய காற்று முன் கண்ணாடிக்குப் போகிறது, அதுவும் சூடாக. என் நரம்பு நோய்க்கு வெயில் ஆகாது என்று உனக்குத் தெரியும். உடம்பு சூடானால் கால் என் பேச்சைக் கேட்பதில்லை. அந்த வண்டியை உன்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. என்ன பார்க்க வேண்டும் என்று எழுது.

அன்புடன்,
நோரீன்


யாகிமா, வாஷிங்டன்
16 ஏப்ரல்

நோரீனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இருப்பது ஒரு கோளாறு அல்ல, இரண்டு.

காற்று கண்ணாடிக்குப் போவது முதல் கோளாறு. உள்ளே காற்றைத் திருப்பும் மடல்களை எஞ்சின் உறிஞ்சும் வெற்றிடம்தான் இழுக்கிறது. அதற்கு மெல்லிய ரப்பர் குழாய்கள் உண்டு. ஒன்று வெடித்தாலும் மடல் கண்ணாடிப் பக்கம் சாய்ந்துவிடும். இரண்டு சீட்டுக்கும் நடுவில் உள்ள எஞ்சின் மூடியைத் திறந்து, வண்டியை ஓடவிட்டுக் காதால் தேடு. உஸ்ஸென்று சீறும். சுழலும் பெல்ட் பக்கம் கையும் சட்டைக் கையும் போகக் கூடாது.

அடுத்தது சூடு. எஞ்சினை அணைத்து ஆறவிட்டு, ஹீட்டருக்குப் போகும் வெந்நீர்க் குழாயைக் கிளாம்பால் நெருக்கு. பிறகு ஓட்டிப் பார். காற்று கொஞ்சம் தணிந்தால் அங்குள்ள வால்வு மூடவில்லை. கடைசியாக, ஏ.சி.யைப் போட்டதும் கம்ப்ரசரின் முன் தட்டு டக்கென்று ஒட்டிக்கொண்டு சுற்றுகிறதா என்று பார். கண்ணை மூடிக்கொண்டு கேஸ் ஏற்றாதே.

இங்கே தோட்டத்தில் ஆப்பிள் பூ விட்டாயிற்று. பனி விழாமல் இருக்க வேண்டும்.

வெஸ்லி


குவார்ட்ஸைட்
25 ஏப்ரல்

அன்புள்ள வெஸ்லி,

சீறியது. நீ சொன்ன இடத்தில்தான். குழாய் கையில் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. பக்கத்து வண்டிக்கார ஹெக்டர், ரிடையரான தபால்காரர், மீன் தொட்டிக்குப் போடும் குழாயை வெட்டி மாட்டினார். இப்போது காற்று முகத்துக்கு வருகிறது. வெந்நீர்க் குழாயை நெருக்கியதும் சூடும் பாதி குறைந்தது. ஹெக்டர் புது வால்வு வாங்கிவந்து போட்டுவிட்டார். ஆனால் குளிர் இல்லை.

கம்ப்ரசர் தட்டைப் பார்க்க நானே முன்பக்கம் குனிந்து படுத்தேன். அது அசையவே இல்லை. பிறகு என்னாலும் அசைய முடியவில்லை. மணல் கொதித்தது. நாயை நடத்திக்கொண்டு வந்த ஹெக்டர் பார்த்தார். "ஏம்மா, வண்டியப் பாக்கப் படுத்தீங்களா, வண்டி ஏறி இறங்கிடுச்சா?" என்றார். சிரித்தேன். அவர் என்னைத் தூக்கி உட்காரவைக்க ரொம்ப நேரமாயிற்று.

அந்த மரநிழல் காலையிலா, மாலையிலா? உன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரிகிற இடமா? சும்மா கேட்டேன்.

அன்புடன்,
நோரீன்


யாகிமா
3 மே

நோரீனுக்கு,

தட்டு ஒட்டவில்லை என்றால் பெரும்பாலும் கேஸ் இறங்கியிருக்கும். சோதிக்க ஒரு வழி: ஏ.சி.யின் குளிர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள அழுத்த சுவிட்சின் பிளக்கைக் கழற்றி, அதன் இரு துளைகளையும் சிறு கம்பியால் ஒரு நொடி மட்டும் இணைக்க வேண்டும். டக் சத்தம் கேட்டால் மின்சாரம் சரி, கேஸ்தான் இல்லை. நீண்ட நேரம் விட்டால் கம்ப்ரசர் எரிந்துபோகும்.

குழாய் இணைப்புகளில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கசிவு அங்கேதான். பழைய கேஸ் இப்போது கிடைக்காது. கடைக்காரர் எல்லாவற்றையும் கழுவி, புது ரப்பர் வளையங்கள் போட்டு, புது வகைக்கு மாற்ற வேண்டும். முன்னால் உள்ள, சூட்டை வெளியேற்றும் கண்டென்சரில் அடைந்த தூசியையும் மெதுவாகத் தண்ணீர் அடித்து எடு.

மணலில் படுக்காதே. அட்டை விரித்துக்கொள்.

வெஸ்லி


குவார்ட்ஸைட்
14 மே

அன்புள்ள வெஸ்லி,

குளிர்கிறது. வெளியே நூற்றெட்டு டிகிரி. இந்தக் கடிதத்தை எஞ்சினை ஓடவிட்டு, ஓட்டுநர் சீட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். நீ சொன்னது ஒவ்வொன்றும் சரி. கசிவு கம்ப்ரசருக்குப் பின்னால் இருந்த இணைப்பில். கடைக்காரர், "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார். "என் வீட்டுக்காரர்" என்றேன். பழக்கதோஷம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடையிலிருந்து திரும்பும்போது தெருமுனையில் 'நின்று போ' என்ற பலகை வந்தது. காலைத் தூக்கி பிரேக்கில் வைத்தேன். வைத்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. கால் எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியவில்லை, வெஸ்லி. உடம்பில் சூடும் இல்லை, முகத்தில் நல்ல குளிர் அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த ஹெக்டர் கை பிரேக்கை இழுத்தார். ஒரு குப்பைத் தொட்டியோடு போயிற்று. அது பள்ளிக்கூடத் தெரு. அன்று சனிக்கிழமை.

டாக்டரும் பார்த்தார். இனி ஓட்டக் கூடாது என்கிறார். குளிர் இருந்தாலும் கூடாது.

நீ பஸ்ஸில் வந்தால் நாம் சேர்ந்து திரும்பலாம். நீ ஓட்டு, நான் வழி பார்க்கிறேன். வழியில் வரும் நெவாடா மாநிலம் முழுக்க ஒன்றும் பேசாமல் வர எனக்குச் சம்மதம். ஹெக்டர் கண்புரை ஆபரேஷனுக்குப் போகிறார், அவரால் நெடுந்தூரம் முடியாது. மே முடிவதற்குள் எழுது.

உன்,
நோரீன்


யாகிமா
24 மே

நோரீனுக்கு,

ஏ.சி. சரியானது பற்றிச் சந்தோஷம். வாரத்துக்கு ஒருமுறை பத்து நிமிடமாவது ஓடவிடு. இல்லாவிட்டால் வளையங்கள் காய்ந்து மறுபடி கசியும்.

இது மரத்தில் நெருங்கிய பிஞ்சுகளைக் கிள்ளி எடுக்கும் நேரம். ஆள் கிடைக்கவில்லை. தோட்ட முதலாளியிடம் லீவு கேட்கும் நிலையில் நான் இல்லை. கையால் பிரேக் பிடிக்கும் கருவி விற்கிறார்களாம், விசாரித்துப் பார். செப்டம்பரில் அறுவடைக்கு முன் ஒரு வாரம் கிடைத்தால் வருகிறேன்.

என் வீட்டு வாசலில் மூன்று படி இருக்கிறது. எனக்கு முதுகு முன்போல இல்லை. அட்டையில் அப்படி எழுதியபோது நீ நன்றாக நடந்துகொண்டிருந்தாய், நோரீன். நான் யோசித்தது அந்த நோரீனைத்தான். பொய் சொல்லத் தெரியவில்லை எனக்கு.

நிழல் மாலையில். ஜன்னலிலிருந்து தெரியும்.

வெஸ்லி


குவார்ட்ஸைட்
6 ஜூன்

அன்புள்ள வெஸ்லி,

உன் கடிதத்தை ஹெக்டரிடம் படித்துக் காட்டினேன், கடைசிப் பத்தியைத் தவிர. "ஆள் நல்லவர்தான் போலிருக்கு, ஆனா தூரத்துலேயே நல்லவர்" என்றார். நான் கோபப்பட்டேன். உனக்காகக் கோபப்படும் பழக்கமும் போகவில்லை.

வண்டியை விற்றுவிட்டேன். ஐடஹோவுக்குப் போகிற ஒரு தம்பதி. இளம் வயது, கைக்குழந்தை இருக்கிறது. அந்தப் பெண் முன் சீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு காற்றை அதன் நெற்றிக்குத் திருப்பினாள். குழந்தை கண்ணை மூடிக்கொண்டது. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. வாரத்துக்கு ஒருமுறை ஓடவிடச் சொல்லியிருக்கிறேன்.

நாளைக் காலை மாவட்ட நிர்வாகத்தின் வேன் வருகிறது. எட்டுப் பேர் இருக்கும் பராமரிப்பு இல்லம். வாசலில் படி இல்லை. எனக்கு ஜன்னலோரக் கட்டில் கிடைக்கவில்லை, காலியாகும்போது தருவார்களாம். எப்படிக் காலியாகும் என்று கேட்டேன். அங்கே போனை எடுத்த பெண் சாப்பாட்டு நேரங்களைச் சொல்ல ஆரம்பித்தாள்.

நீ பொய் சொல்லாததற்கு நன்றி. சொல்லியிருந்தால் செப்டம்பர் வரை காத்திருந்திருப்பேன். கொஞ்ச நாள் பொய்யோடு இருந்திருக்கலாம் என்றும் இரவில் தோன்றத்தான் செய்கிறது.

முதுகைப் பார்த்துக்கொள். ஏணியில் தனியாக ஏறாதே.

புது முகவரியை இதில் எழுதவில்லை. மறதி அல்ல.

நோரீன்